மூளைச் சுருக்கமும் கல்யாண விசாரிப்பும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வயதானால் மூளை சுருங்குவதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையை வாசித்தேன். சொன்னது சரிதான், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்தப் பாதி எங்கள் குமரி மாவட்டத்தில் என்ன பாடு படுத்தும் என்று யோசித்தீர்களா தெரியவில்லை.

தக்கலைப் பக்கம் பெண் கேட்டு வருகிறவர்கள் நகை, சொத்து எல்லாம் பேசி முடித்த பிறகு "பாட்டிக்கு ஓர்மை இல்லையாமே, குடும்பத்துல உள்ளதா?" என்று மெல்லக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த வீடு ஒன்றில், பாட்டியின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'வயது சார்ந்த மூளைச் சுருக்கம்' என்று ஒரு வரி, எண்பதை நெருங்குகிற வயதில் யாருடைய ரிப்போர்ட்டில்தான் அது இருக்காது, அதை யாரோ வெளியே சொல்லப்போய்ப் பேத்திக்கு வந்த சம்பந்தம் தட்டிப்போனது.

அதனால் மீதியையும் எழுதுங்கள். 2022இல் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இடைவெளி விட்டு ஒரு முறைக்கு மேல் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வில், ஏபிஓஇ என்ற மரபணுவுக்கும் மூளையில் ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சுருங்கும் வேகத்துக்கும் தொடர்பு தெரிந்தது. இதன் இ4 வகைக்கும் அல்சைமர் என்ற மறதி நோய்க்கும் உள்ள உறவு 1993லேயே தெரிந்ததுதான். ஆனால் இ4 இருந்தும் கடைசிவரை தெளிவாக இருப்பவர்கள் ஏராளம், அது இல்லாமலே அல்சைமர் வந்தவர்களும் ஏராளம். பாட்டியிடம் ஒரு இ4 இருந்தாலும் அது பேத்திவரை வந்து சேர வாய்ப்பு நாலில் ஒன்றுதான். இதைப் போடாமல் 'பரம்பரை' என்று மட்டும் பெரிய எழுத்தில் போட்டால் எப்படி?

அப்புறம், மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் சொன்னதே, ரத்த அழுத்தம், சர்க்கரை, காது மந்தம், தனிமை என்று 14 காரணங்களை அடுக்கி. பிள்ளைகள் எல்லாம் கல்ஃபில் இருக்க, பூட்டிய கேட்டுக்குள் டிவி சத்தத்தை ஏற்றி வைத்துக்கொண்டு ஒற்றைக்கு இருக்கிற பெரியவர்கள் எங்கள் தெருவிலேயே எத்தனை பேர்! காது கேட்காததால் அவர்கள் பேச்சையே விட்டுவிடுகிறார்கள், நாமும் "வயசாச்சு, புத்தி மங்கிப்போச்சு" என்று முடித்துவிடுகிறோம்.

அடுத்த இதழில், தக்கலை, குழித்துறை அரசு மருத்துவமனைகளில் காது பரிசோதனைக்கு யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கிழமை என்று விசாரித்து ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

ஒரு வாசகர்,
தக்கலை