பாட்டியின் அரக்குப் புடவை

அன்புள்ள கயலுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். போன் போட்டால் மீட்டிங் என்கிறாய், மறுபடி கூப்பிடுவதில்லை. சரி, வேலை இருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

கதவுக் கொக்கியில் மாட்டிக் கிழிந்தது என்று மெசேஜில் சொன்னாய். நானும் அப்படி நினைத்துத்தான் பிரித்தேன். கொக்கியில் மாட்டினால் துணி ‘ட’ மாதிரி இரண்டு பக்கம் விடும். பழைய பட்டு தானாக இற்றால் மடிப்பு வழியே, ஜரிகையின் கனம் இழுக்கும் இடத்தில் விடும். இது தோளில் பின் குத்திய இடத்தில் ஆரம்பித்து ஒரு சாணுக்கு நேராக இறங்கியிருக்கிறது. 1968-இல் காஞ்சிபுரத்தில் எடுத்த புடவை. மூன்று புரி முறுக்கிய பட்டு, லேசில் கிழியாது.

செல்வி சித்தியும் கொக்கி என்றுதான் சொன்னாள்.

மாடியில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். வெள்ளை அடித்தாயிற்று. இனி வாடகைக்கு விடுவதில்லை என்கிறார் அப்பா.

டார்னிங் கடையில் கொடுக்கலாம் என்றார் அவர். எனக்கு மனசு வரவில்லை. இடுப்பில் செருகும் முனையிலிருந்தே இழை உருவினேன். புது நூல் வாங்கினால் இந்த அரக்கு பொருந்தாது. இந்த இழைக்கும் புடவைக்கும் ஒரே வயது. கிழிசலின் விளிம்பில் ஊசி வைக்கக் கூடாது, அங்கே துணிக்குப் பலம் கிடையாது. ஒரு விரற்கடை தள்ளி, நல்ல துணியில் இறக்க வேண்டும். முடிச்சும் ஆகாது. முதலில் பாவு வாக்கில், நீளத்துக்கு இழைகளை ஓட்டிவிட்டு, அப்புறம் ஊடை வாக்கில், குறுக்கே ஒன்று மேலே, ஒன்று கீழே என்று கோத்துக்கொண்டு வர வேண்டும். திரும்பும் இடத்தில் துளி தளர்த்தி விடாவிட்டால் பின்னால் சுருக்கம் விழும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நகம் அகலத்துக்கு வரும்.

இதெல்லாம் உனக்குத் தெரியாததா? எட்டாம் வகுப்பில் சீருடை முழங்கையை நீயே தைத்துப் போட்டுக்கொண்டு போனாய், டீச்சர் கிழிசல் எங்கே என்று தேடினார். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் கை இருக்கும்போது இதை ஏன் எனக்கு அனுப்பினாய் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அனுப்பினாயே, அதுவரை நல்லது. ஆனால் பேசு. வேளைக்குச் சாப்பிடு.

கிழிந்ததே தெரியாமல் மூட எனக்குக் கை வரும். கீழ்ப் பாதியை அப்படித்தான் மூடினேன். தோள் பக்கத்தில் மாட்டேன் என்று விட்டுவிட்டேன். சாந்திநிகேதனில் படித்தபோது ஒரு பழைய காந்தா விரிப்பு வாங்கி வந்தாயே, அதைப் பக்கத்தில் விரித்துக்கொண்டேன். நைந்த புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தாமரையும் மீனும் ஓட்டியிருக்கிறார்கள் அந்த ஊர்ப் பெண்கள். நைந்ததை மறைக்க அவர்கள் மெனக்கெடவில்லை. எவ்வளவு தெம்பாக இருக்கிறது பார்க்க! நானும் மஞ்சள் பட்டு நூல் எடுத்து, கிழிசல் போன வழியிலேயே ஒரு கொடி ஓட்டியிருக்கிறேன். தடவினால் விரலில் தட்டுப்படும். நன்றாக வந்திருக்கிறது, நானே சொல்கிறேன். தோளில் என்ன அது என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். பாட்டி புடவையில் இவ்வளவு நேரம் நான் உட்கார்ந்ததே இல்லை. அழுதுகொண்டு தைத்த இடம் மட்டும் கொஞ்சம் கோணலாக இருக்கிறது, பிரிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இதைக் கொரியரில் அனுப்ப மாட்டேன். வந்து வாங்கிக்கொள். லீவு கிடைக்கும்வரை காத்திருக்காதே, கிடைக்கிற பஸ்ஸில் ஏறு. மாப்பிள்ளை ஆபீஸ் போன பிறகு கூப்பிடு, அப்பாவும் வீட்டில்தான் இருப்பார்.

உன் சர்டிபிகேட், பாஸ்போர்ட், பாங்க் புத்தகம் எல்லாம் உன் கையில்தானே இருக்கிறது? வேறு எதுவும் எழுத வேண்டாம், அதை மட்டும் எழுது.

அம்மா