ஃபோனில் சொன்னது பாதிதான்

திருக்கழுக்குன்றம்
9.12.2018, ஞாயிறு

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். எனக்கு முழங்கால் வலி வழக்கம்போல. அங்கே குளிர் எப்படி என்று கேட்கப் போவதில்லை. தினம் காலையில் மைனஸ் போட்டு ஒரு படம் அனுப்புகிறாயே, அது போதும்.

வாட்ஸாப் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதம் எடுத்தாள் என்று யோசிப்பாய். போன ஞாயிறு நீ ஃபோனில், ரஜினியின் புதுப் படத்தைப் பற்றி, "2.0 பாத்தியாம்மா? சுமார்தானாமே?" என்று கேட்டாய். நான் எகிறி விழுந்தேன். "எவன் சொன்னான் சுமார்னு? ஹாலிவுட்காரன் கிட்ட நிக்க முடியாது" என்று என்னென்னவோ பேசினேன். ஃபோனை வைத்ததும் அப்பா பேப்பரை மடக்கிவிட்டு, "தியேட்டர்ல நீ கொட்டாவி விட்டதை நான் பாத்தேனே" என்றார். அதிலிருந்து மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது. உன்னிடம் சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதிதான். நம் வீட்டுப் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரி குறை சொன்னால் நாம் அவளோடு சண்டை போட்டுவிட்டு, உள்ளே வந்து பிள்ளையை வாங்கு வாங்கு என்று வாங்குவோம் இல்லையா? அப்படி நினைத்துக்கொள்.

1978-ல் 'முள்ளும் மலரும்' படத்தில் ரஜினி விஞ்ச் ஆபரேட்டர் காளியாக வந்தாரே, அன்றிலிருந்து நான் அவர் கட்சி. நாற்பது வருஷம் ஆயிற்று. வருகிற புதன்கிழமை அவருக்கு 68. அப்பாவோ கமல் கட்சி, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்றே அது தெரிந்துவிட்டது. "எந்திரன் எங்க ஆளுக்குன்னு ஷங்கர் யோசிச்ச கதைடீ. பிரீத்தி ஜிந்தாவோட போட்டோகூட எடுத்தாச்சு" என்று எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும். கடைசியில் யார் வீட்டுக்கு வந்தது?

2.0-வுக்கு முதல் பாகமான அந்த எந்திரன் வந்தபோது நீ பத்தாவது. 2010 அக்டோபர் 1, வெள்ளிக்கிழமை. எங்கள் டெலிஃபோன் டிபார்ட்மென்ட் பிஎஸ்என்எல் ஆகிச் சரியாகப் பத்து வருஷம் முடிந்த நாளும் அதுதான். மறுநாள் மாட்னிக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். பப்ளிக் எக்ஸாம் வருஷத்தில் பிள்ளையைப் படத்துக்கு அழைத்துப் போகிறாளே என்று உன் அத்தை ஒரு மாதம் பேசினாள். நீயும் சும்மா இருந்தாயா? பிசிக்ஸ் ஃபார்முலா ஒன்று வாயில் வராது, அந்தப் படத்து ரோபோ சிட்டி சொல்கிற "ஸ்பீடு ஒரு டெராஹெர்ட்ஸ், மெமரி ஒரு ஜெட்டாபைட்" மட்டும் தூக்கத்திலும் வரும். அவன் ஆடு மாதிரி கத்துகிற அந்த "ம்மேஏஏ" வேறு. பால்காரர் பயந்து போனது நினைவிருக்கிறதா?

எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது சண்டையோ, ஆயிரம் சிட்டி உருண்டையாகச் சேர்ந்து உருள்வதோ இல்லை. பெற்றவளுக்கு அதில் வேறு ஒன்று தெரிந்தது. டிவியைப் போடு என்றால் சிட்டி அதைக் கீழே போட்டு உடைக்கிறான். சொன்னதைச் சொன்னபடி செய்கிற வயசு. நீ நாலு வயசில், "தண்ணியைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனால் குடம் நிரம்பி வழிந்து வாசல் வரை ஓடும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றவன்தானே! அப்புறம் அந்தத் தீ விபத்து. குளித்துக்கொண்டிருந்த பெண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கேமராக்கள் முன்னால் நிறுத்துகிறான். உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவன் நினைக்கிறான். அவளோ மானம் போயிற்றென்று ஓடி வண்டியில் அடிபட்டுச் செத்துப்போகிறாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எத்தனை வேகமும் மெமரியும் இருந்தாலும் வெட்கம் என்றால் என்னவென்று யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும் அல்லவா? அந்த இடம் எழுதத் தெரிந்தவர்கள் எழுதிய இடம். அதன் வசனத்தில் எழுத்தாளர் சுஜாதாவின் கையும் இருந்தது. படம் வருவதற்கு இரண்டரை வருஷம் முன்னால், 2008 பிப்ரவரியில், அவர் போய்விட்டார்.

கடைசியில் சிட்டியைப் பிரித்துப் போடச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவு போட, தன்னைத் தானே கழற்றி வைப்பான் பார், கை, கால் என்று ஒவ்வொன்றாக. பேசிக்கொண்டே. நீ அன்று பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. ராத்திரி படுக்கும்போது, "அவன் என்னம்மா தப்பு பண்ணான்?" என்று கேட்டாய். "கோர்ட்டு சொல்லிடுச்சுடா, தூங்கு" என்று விளக்கை அணைத்துவிட்டேன். அது ஒரு பதிலா?

இப்போது இரண்டாம் பாகத்துக்கு வருகிறேன். 2017 தீபாவளி என்றார்கள், 2018 ஜனவரி என்றார்கள், ஒருவழியாக நவம்பர் 29-க்கு வந்தது. செலவு 500 கோடிக்கு மேல் என்று பத்திரிகையெல்லாம் எழுதியது. தியேட்டரில் கொடுத்த 3டி கண்ணாடி முழுக்கக் கீறல். என் கண்ணாடி மேல் அதையும் மாட்டிக்கொண்டு, மூக்கு வலிக்க வலிக்க உட்கார்ந்திருந்தேன்.

ஆரம்பம் அபாரம், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஊரில் இருக்கிற செல்ஃபோன் எல்லாம் கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு பறக்கிறது. 1985-ல் வெளியூர்க் கால்களை இணைத்துக் கொடுக்கிற செங்கல்பட்டு டிரங்க் போர்டில் காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்தவள் நான். எங்கள் போர்டை மூட வைத்தது வெளியூருக்கு நேராக டயல் செய்கிற எஸ்டிடி, எஸ்டிடி பூத்தை மூட வைத்தது இந்தச் செல். அது சாலையில் ஆறு மாதிரி ஊர்ந்து போவதைப் பார்த்ததும் அடித்தேன் ஒரு விசில். அப்பா நகர்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம் சிட்டியை எழுப்புகிறார்கள். முதல் படத்தில் 2030 என்று போட்டு மியூசியத்தில் பிரித்துப் போட்ட சிட்டியைக் காட்டினார்களே, அந்தக் கணக்கெல்லாம் கேட்கக் கூடாது. எழுந்து வந்தானே என்று நானும் கத்தினேன். ஆனால் கத்தி முடித்து உட்கார்ந்த பிறகு பார்க்கிறேன், அவனிடம் ஒன்றுமே இல்லை. முதல் படத்தில் அவனுக்கு ஆசை இருந்தது, பொறாமை இருந்தது, அழத் தெரியாத அழுகை இருந்தது. சிந்திக்க ஆரம்பித்துவிட்டேன் என்பதுதானே மியூசியத்தில் அவன் அந்தச் சிறுமியிடம் சொன்ன பதில்? அதற்காகத்தானே பிரித்துப் போட்டார்கள்? திரும்ப மாட்டியபோது ஒருவராவது, "உனக்கு வர இஷ்டமா?" என்று கேட்க வேண்டாமா? தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவது போல் கூப்பிட்டார்கள், அவனும் வந்தான், அடித்தான். வேலை இருந்தால்தான் அம்மா என்னைக் கூப்பிடுவாள் என்று நீ சொல்வாயே, அது அப்போது சுருக்கென்றது. முதல் படத்தில் சிட்டி ஆசைப்பட்ட சனாவுக்குக் குரல் மட்டும், அதுவும் ஃபோனில். நிலா என்று ஒரு இயந்திரப் பெண் வருகிறாள், அழகாக இருக்கிறாள்.

படத்தில் மனுஷன் என்றால் பட்சிராஜன்தான். அக்ஷய் குமார். தாடியும் மூக்குக் கண்ணாடியுமாகக் கிழவர், பார்த்தால் பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி ஞாபகம் வரும். செல் டவர் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்று மனு கொடுக்கிறார், கோர்ட்டுக்குப் போகிறார், தோற்கிறார், கடைசியில் டவரிலேயே தூக்கு மாட்டிக்கொள்கிறார். அவர் ஆவிதான் அந்தச் செல்ஃபோன்களைப் பறக்க விடுகிறது. 'புள்ளினங்காள்' பாட்டில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுதினவர் நம் ஜில்லாக்காரர், நா. முத்துக்குமார். 2016-ல், 41 வயசில் போய்விட்டார். படம் வருவதைப் பார்க்கவில்லை.

அழுதேனே தவிர, ஒரு பக்கம் மூளை குடைந்துகொண்டே இருந்தது. பட்சித் தீர்த்தம் என்று பேர் எடுத்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள் நான். கல்யாணமான புதிதில் மலை மேல் உச்சிப்பொழுதுக்கு அந்த இரண்டு கழுகும் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மஞ்சள்முகப் பாறு என்று பேராம், பிணந்தின்னிக் கழுகு வகை. 90-களின் கடைசியில் வருவது நின்றுவிட்டது. அப்போது ஊரில் எத்தனை பேர் கையில் செல் இருந்தது? நாடு முழுக்கப் பாறுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததற்குக் காரணம் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்கிற வலி ஊசி. அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் போய்விடும். 2006-ல் மாட்டுக்கு அதைத் தடை செய்தார்கள். சிட்டுக்குருவிக்கும் அப்படித்தான், டவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் பழைய வீட்டு ஓட்டு இடுக்கில் அது கூடு கட்டியது, நாம் காங்கிரீட் போட்டோம். மளிகைக் கடை வாசலில் சிந்திய தானியம் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. நம் நாட்டில் டவர் கதிர்வீச்சு வரம்பை 2012-லேயே உலக வரம்பில் பத்தில் ஒன்றாகக் குறைத்தாயிற்று. செல் கம்பெனிகளின் சங்கம் படத்துக்கு எதிராகப் புகார் கொடுத்ததாம். நானும் அந்தத் துறையில் சம்பளம் வாங்குகிறவள், அதனால் இப்படிப் பேசுகிறேன் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள்.

அதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். கடைசிச் சண்டை இருக்கிறதே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. சிட்டியின் குட்டிக் குட்டி வடிவமாக 3.0 வருகிறான், புறா மேல் சவாரி. சரணடையவில்லை என்றால் புறாக்களைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டித்தான் அந்தக் கிழவரை மடக்குகிறார்கள். பறவைக்காக உயிரை விட்டவரைப் பறவையை வைத்தே மடக்குவது என்ன வீரம்? சுற்றி எல்லாரும் கைதட்டினார்கள். நாற்பது வருஷத்தில் ரஜினி ஜெயித்து நான் கைதட்டாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

இன்னொன்று, இதை அப்பாவிடம் சொல்லாதே. சிட்டியைச் செய்த விஞ்ஞானி வசீகரனாக ரஜினி நடந்து வரும் இடங்களில் நடை கொஞ்சம் தளர்ந்திருந்தது. திரை முழுக்க கிராபிக்ஸ் பறக்கிறது, நான் அந்த நடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வேளை, நடுவில் சிட்டியைக் கெட்டவனாக்குகிற சிவப்புச் சிப்பைப் போட்டதும் அந்தப் பழைய போக்கிரி சிரித்தான். அந்த ஒரு சிரிப்புக்குக் கொடுத்த 150 ரூபாய் சரியாய்ப் போயிற்று.

அங்கே தமிழ்ப் படம் போடுகிற இடம் இருந்தால் போய்ப் பார். பார்த்துவிட்டுச் சுமார் என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். பார்க்காமல் சொல்லாதே.

எள்ளுப்பொடியும் வடகமும் பார்சல் கட்டியிருக்கிறேன், திங்கட்கிழமை அனுப்புகிறேன். பொங்கலுக்கு அடுத்த படம் வருகிறது. அப்பா வரமாட்டாராம். ரெண்டு டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், எப்படியும் வருவார்.

அன்புடன்,
அம்மா