நூலக வாசிப்பு வட்டம் குறித்துப் பெற்றோருக்கு

அன்புடைய பெற்றோருக்கு வணக்கம்.

நம் பள்ளி நூலகத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடும் வாசிப்பு வட்டம், இந்தப் பருவத்தில் முந்தைய தலைமுறைகள் படித்து விவாதித்த நூல்களைப் பத்தாண்டுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

1947இல் டச்சு மொழியில் முதன்முதலாக வெளிவந்த, நாஜிகளுக்கு அஞ்சிக் குடும்பத்தோடு ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பில் தொடங்கினோம். அதைப் படித்து முடித்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர், 1944 ஆகஸ்ட் 1ஆம் தேதிக் குறிப்போடு நூல் நின்றுவிடுவதைக் கண்டு, பக்கங்கள் கிழிந்துவிட்டன என்றெண்ணி நூலகரிடம் வேறு பிரதி கேட்டார். மூன்றாம் நாளே மறைவிடத்திலிருந்த எட்டுப் பேரும் கைதானார்கள் என்பதையும், அவர்களில் தந்தை ஒருவரே உயிர்பிழைத்து வந்து மகளின் எழுத்தை அச்சேற்றினார் என்பதையும் அறிந்த பின், அவர் அதே பிரதியை மறுபடியும் எடுத்துச் சென்றார். இம்முறை ஒவ்வொரு குறிப்பின் தேதியையும் பார்த்துப் பார்த்துப் படித்ததாகச் சொன்னார். பழைய நூலை அது எழுதப்பட்ட காலத்தோடு சேர்த்துப் படிப்பது என்று நான் கருதுவது இதைத்தான்.

அடுத்து, பூச்சிக்கொல்லிகளின் தீங்கைப் பற்றி ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய 'மௌன வசந்தம்'. அமெரிக்கா பத்தாண்டுகள் கழித்து வேளாண்மையில் டிடிடி என்னும் பூச்சிக்கொல்லியின் பயன்பாட்டைத் தடைசெய்தது. ஆயினும் மலேரியாக் கொசுவை ஒழிக்க அது சில நாடுகளில் இன்றும் அனுமதிக்கப்படுகிறது. ஆகவே நூலாசிரியரோடு உடன்படவும் முரண்படவும் மாணவர்களுக்கு இடமிருக்கிறது, அந்த உரிமையை நாங்கள் மதிக்கிறோம்.

உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. பிள்ளை படிக்கும் நூலை நீங்களும் படியுங்கள். நேரமில்லையென்றால் ஓர் அத்தியாயத்தையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்நூல் வெளிவந்த காலத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருப்பதைச் சொல்லுங்கள், ஆனால் நூலின் கருத்து இதுதான் என்று முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் தாமாகத் தட்டுத்தடுமாறிக் கண்டடைவதைக் கேட்கவே நாங்கள் கூடுகிறோம்.

இதற்கு மதிப்பெண்ணோ தேர்வோ கிடையாது. ஒரு நூலின் பொருள் உங்கள் பிள்ளையின் மனத்துக்குச் சுமையாகும் எனத் தோன்றினால் நூலகரிடம் தெரிவியுங்கள், மாற்று நூல் தரப்படும். சேர விரும்புவோரின் ஒப்புதல் படிவத்தை வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்