வரி நோட்டில் இல்லாத தெரு: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

ஆடித் திருவிழாவுக்குக் காலனித் தெருவிலும் வரி வாங்கலாம் என்று நீ கமிட்டியில் பேசியதும், "நல்ல யோசனைதான், அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று பெரியப்பா முடித்துவைத்ததும் சேலத்திலிருந்து மலையேறி ஏற்காடு வரை வந்துவிட்டன. செயலாளர் பதவியை விட்டுவிடப் போகிறாய் என்று சித்தி சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னை எதிர்த்ததில் வெளியாள் யாராவது உண்டா? எல்லாரும் உன்னைத் தூக்கி வளர்த்தவர்கள். ஒரு வீட்டில் வரி வாங்கிவிட்டால், சாமி எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும், மரியாதை யாருக்கு, கணக்கு எங்கே என்று கேட்கும் பாத்தியதை அந்த வீட்டுக்கும் வந்துவிடும். "பாவம், அவர்களுக்கு எதற்குச் சிரமம்" என்பதெல்லாம் பேச்சுக்கு. பெரியப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் முடியாது என்று சொல்லாமல் அடுத்த வருஷம் என்கிறார். முடியாது என்று சொல்லியிருந்தால் நீ ஏன் என்று கேட்டிருப்பாய்.

நம் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிராமணரல்லாதாருக்காக 1916இல் தொடங்கிய நீதிக்கட்சியில் சர், திவான் பகதூர், ராவ் பகதூர் என்று பட்டக்காரர்களுக்குக் குறைவே இல்லை. 1937 தேர்தலில் கட்சி மண்ணைக் கவ்வியது. அடுத்த வருஷக் கடைசியில் பெரியாரைத் தலைவராக்கினார்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காக அவர் அப்போது பெல்லாரி சிறையில் இருந்தார். சிறையில் இருக்கும் தலைவரால் தொந்தரவு இல்லை என்று சிலராவது நினைத்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

பிறகு 1944 ஆகஸ்ட் 27, சேலம் மாநாடு. வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களைத் துறக்க வேண்டும், அரசு நியமித்த பதவிகளை விட வேண்டும், பெயருக்குப் பின்னால் இருக்கும் ஜாதிப் பட்டத்தை வெட்ட வேண்டும் என்று அண்ணாதுரை தீர்மானம் கொண்டுவந்தார். கட்சியின் பெயரும் திராவிடர் கழகம் என்று மாறியது. வகுப்புரிமையைப் பற்றி, அதாவது வேலையிலும் பதவியிலும் எல்லா ஜாதிக்கும் பங்கு வேண்டும் என்று, மேடையில் பேசுவதில் அந்தப் பெரிய மனிதர்களுக்கு எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. உன் பெயருக்கு முன்னால் இருப்பதைக் கழற்று என்றதும்தான் வலித்தது. பி. டி. ராஜன் போன்றவர்கள் பழைய பெயரோடு தனியாக நின்றார்கள். 1952 தேர்தலில் அந்தப் பக்கம் ஜெயித்தது அவர் ஒருவர்தான். (ஐந்தே வருஷத்தில் அண்ணாவும் பெரியாரை விட்டுப் பிரிந்தார். அந்த வழக்கை இன்னொரு நாள் பேசுவோம்.)

நீ செய்தது என்ன? "சேர்க்கலாமா?" என்று அபிப்பிராயம் கேட்டாய். அவர்களும் அபிப்பிராயம் சொன்னார்கள், டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மினிட் நோட்டில் ஒரு வரி ஏறவில்லை.

முன்பு லத்தீனில் நடந்த மாதா கோயில் பூசையை இங்கே மலையில் ஞாயிற்றுக்கிழமை தமிழில் கேட்கும்போது ரோமில் நடந்தது நினைவுக்கு வரும். போப் 23ஆம் ஜான் உலகத்து ஆயர்களையெல்லாம் கூட்டிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 அக்டோபர் 11இல் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து, எல்லாவற்றையும் எழுதித் திருத்தும் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க வேண்டும். வத்திக்கான் அதிகாரிகள் பழைய ஆயத்தக் குழுக்களில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பிரான்சின் கர்தினால் லியெனார் எழுந்து, ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளச் சில நாள் வேண்டும் என்றார். ஜெர்மனியின் கர்தினால் ஃபிரிங்ஸ் ஆமோதித்தார். கூட்டம் ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை, தேர்தல் தள்ளிப்போனது. லத்தீன் வேண்டுமா என்ற சண்டையே அன்று வரவில்லை. பட்டியலை யார் எழுதுவது என்பதுதான் சண்டை. உன் சண்டையும் அதுதானே?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ராஜாஜி இந்தச் சேலத்தில் 1917 முதல் நகராட்சித் தலைவராக இருந்தவர், முதல் தலித் உறுப்பினர் அங்கே வரக் காரணமானவர். அவரே முதலமைச்சரானபின் 1938இல் தலித் தலைவர் எம். சி. ராஜா கொண்டுவந்த ஆலயப் பிரவேச மசோதாவுக்கு ஆதரவு தரவில்லை, அது தோற்றது. மறு வருஷம் ஜூலையில் காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள், அதுவரை விடாத ஜாதி ஆட்களை அழைத்துப் போன பிறகு, அதே ராஜாஜிதான் அவர்களைக் காக்கச் சட்டம் கொண்டுவந்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கும் "கொஞ்சம் பொறு" என்று சொல்ல வந்துவிடும். பெரியப்பாவும் ஒரு காலத்தில் கமிட்டிக் கணக்கைப் போர்டில் எழுதி மாட்டச் சொல்லிச் சண்டை போட்டவர்தான், அம்மா சொல்லியிருக்கிறார்.

சரி, இனி செய்ய வேண்டியது. ராஜினாமா வேண்டாம். பூச்சாட்டுக்கு முன்னால் கூடும் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக்கொண்டு போ. பொதுக் கூட்டமாக, வெளியே பந்தலில் வை, பெரியப்பா வீட்டுத் திண்ணையில் வேண்டாம். "அடுத்த வருஷம்" என்று யார் சொன்னாலும், அதையே அவர் பெயரோடு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கு. பாதிப் பேர் பேனாவைப் பார்த்ததும் மாறிவிடுவார்கள். காலனி ஆட்களிடம் முன்கூட்டியே போய்ப் பேசு. அவர்களைக் கேட்காமலே அவர்களுக்காகப் பேசுகிறாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அப்புறம், கட்டிக்கொடுத்த பெண்கள் பெயரும் அந்த வரி நோட்டில் கிடையாது, உனக்கு உறைத்ததா? இந்த வருஷம் என் பெயரில் ஒரு வரி எழுது. பணத்தை ஜிபேயில் அனுப்புகிறேன். ரசீது மட்டும் என் பெயரில் வர வேண்டும், உன் மாமா பெயரில் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
அக்கா