சபை வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, இந்த ஆண்டு முழுவதும் ஒரே பொருளைத்தான் படித்தோம்: விசுவாசமும் இன நீதியும். மாதம் ஒரு கூட்டம் என்பது திட்டம்; இரண்டு மாதங்களில் மட்டும் கூட்டம் நடத்த முடியவில்லை. வருகையும் முன்னைவிடக் குறைவுதான். ஆனால் வந்தவர்கள் கடைசிவரை வந்தார்கள்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தொடங்கினோம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், அங்குள்ள புனித ஜார்ஜ் ஆலயத்தில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸைப் பிடித்து எழுப்பினார்கள். கறுப்பினத்தவருக்கு அங்கே இடமில்லை என்பதுதான் காரணம். ஜெபம் முடியும்வரை பொறுங்கள் என்று அவர் கேட்டும் விடவில்லை. அன்று அவரோடு வெளியேறிய ரிச்சர்ட் ஆலன், 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபையின் முதல் பேராயரானார்.

அப்புறம், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே 1807இல் லண்டனில் அச்சிட்ட வேதாகமத்தைப் பற்றிப் படித்தோம். எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வசனம் அதில் இருக்கிறது. இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையான வரலாறு இல்லை.

எங்களை அதிகம் உலுக்கியது தென்னாப்பிரிக்கா. எல்லாரும் ஒரே சபையாகக் கூடுவதே வேதத்துக்கு ஒத்தது என்று 1857இல் கேப் பகுதி டச்சு சீர்திருத்தச் சபையின் சினோடு, அதாவது அதன் ஆட்சி மன்றம், ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட கையோடு, ‘சிலருடைய பலவீனத்தின் நிமித்தம்’ அது தடைப்படும் இடங்களில், புதிதாக விசுவாசத்துக்கு வந்த மண்ணின் மக்கள் தனிக் கட்டடத்தில் கூடலாம் என்றும் தீர்மானித்தது. இதை வாசித்துக்கொண்டிருந்த மூத்த உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “யாருடைய பலவீனம்?” என்று கேட்டார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. கறுப்பினத்தவரோடு ஒரே திருவிருந்தில் பங்குபெற மனமில்லாத வெள்ளையரின் பலவீனம் அது. அதைப் பாவம் என்று எழுதியிருந்தால் மனந்திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். பலவீனம் என்று எழுதியதால் அனுசரித்துப் போனார்கள். 1881இல் தனிச் சபையே உருவானது. ஒதுக்கப்பட்ட அந்தச் சபையிலிருந்துதான் 1982இல் பெல்ஹார் விசுவாச அறிக்கையின் வரைவு வந்தது. 1986இல் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டார்கள். அநீதிக்குள்ளானவர்களின் பக்கம் தேவன் நிற்கிறார், சபையும் அங்கேதான் நிற்க வேண்டும் என்று அது நேராகச் சொல்கிறது.

1963 ஏப்ரலில் அமெரிக்காவின் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்துக்கு இரண்டு கூட்டங்கள் ஒதுக்கினோம். இன ஒதுக்கலுக்கு எதிரான போராட்டத்துக்கு இது சமயமல்ல என்று அறிக்கை விட்ட எட்டு மதகுருமாருக்கு அவர் தந்த பதில் அது. செய்தித்தாளின் ஓரங்களில் எழுதத் தொடங்கினார். அந்த எட்டுப் பேரும் கொடியவர்கள் அல்லர். அமைதி குலையக் கூடாது என்று நினைத்தவர்கள். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம் என்பதால் விவாதம் சூடாகவே நடந்தது.

நிகழ்ச்சிக் குறிப்பேடு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் சகோதரி ஒருவர், முன்பு வேறொரு சபையில் தம் நிறத்தைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போனதையும், அதைச் சொன்னபோது போதகர் ‘பெரிதுபடுத்த வேண்டாம்’ என்றதையும் கூட்டத்தில் சொன்னார். ‘சில கசப்பான அனுபவங்கள் பகிரப்பட்டன’ என்று மட்டும் எழுதிவிட்டேன். அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து, “அண்ணா, நான் சொன்னதை அப்படியே எழுதுங்க” என்றார். தவறு என்னுடையது. சினோடு செய்ததையே நானும் செய்திருக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொல்லச் சொல்லத் திருத்தி எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க வந்தது. உறுப்பினர்கள் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

வரும் ஆண்டில், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பத் தருகிறேன் என்ற சகேயுவை வைத்து, ஈடுசெய்தல் பற்றிப் படிக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்