உங்கள் ஐந்து ஆண்டுகளை எழுதித் தாருங்கள்

2013இல் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களிலிருந்து வடக்கு மாகாண சபைக்கு நாங்கள் தெரிவுசெய்து அனுப்பிய 20 உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மாகாண சபைத் தேர்தல் பற்றிய பேச்சு மறுபடி அடிபடுகிறது. உங்களில் சிலர் திரும்பவும் வாக்குக் கேட்டு வருவீர்கள். வாருங்கள். வருவதற்கு முன், அந்த ஐந்து ஆண்டுகளில் எதைச் செய்தீர்கள், எது முடியாமல் போனது, யார் மறித்தார்கள் என்று எழுதித் தாருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

என் வீட்டு அலுமாரியில் ஒரு கோப்பு இருக்கிறது. எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளராக இருந்தபோது எழுதிய கடிதங்களின் பிரதிகள். 2014இல் எங்கள் குளத்துத் துருசு, அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகு, உடைந்து, காலபோக நெல்லுக்குத் தேக்கிய தண்ணீர் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. சாக்கில் மண் நிரப்பி அடைத்துப் பார்த்தோம், நிற்கவில்லை. சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ். அது மத்திய அரசு. நடுத்தரக் குளங்கள் மாகாண நீர்ப்பாசனத்தின் கீழ். எங்கள் குளம் எதற்குள் வருகிறது என்று இரண்டு கந்தோரும் எங்களை மாறி மாறி அனுப்பின. அப்போது உங்களில் ஒருவர் வந்தார். காற்சட்டையை முழங்காலுக்கு மேலே மடித்துவிட்டுச் சேற்றுக்குள் இறங்கி, உடைந்த பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு அந்தக் கோப்பைத் தானே காவிக்கொண்டு இரண்டு கந்தோருக்கும் போனார். அடுத்த போகத்துக்குத் துருசு சரி. அதை நாங்கள் மறக்கவில்லை.

அதே கோப்பில் 2016இல் பள்ளிக்கூட வீதிக்காக இன்னொரு உறுப்பினருக்குக் கொடுத்த கடிதமும் இருக்கிறது. மூன்று முறை நினைவூட்டினோம், பதில் வரவில்லை. அவர் முயன்று பார்த்துத் தோற்றாரா, கடிதத்தைப் பிரிக்கவே இல்லையா? இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்த வீதியால் நடந்த பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டார்கள்.

அந்தச் சபை எங்கள் நான்கு மாவட்டங்களான வன்னிக்கு எவ்வளவு பெரிய இடம் என்பதை நாங்களே அப்போது சரியாக உணரவில்லை. தெரிவான 36 பேரில் யாழ்ப்பாணத்துக்கு 16, எங்கள் நான்கு மாவட்டங்களுக்கும் 20. நாடாளுமன்றத் தேர்தலில் கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு சேர்ந்துதான் வாக்களிக்கிறது; முல்லைத்தீவு, மன்னாரோடும் வவுனியாவோடும். தன் பெயரில் தனக்கென்று 4 பேரைக் கிளிநொச்சியும், 5 பேரை முல்லைத்தீவும் அனுப்பியது மாகாண சபைக்கு மட்டும்தான். சபை கூடிய கைதடியில் நீங்கள் கட்சி பாராமல் ஒன்றாக நின்றிருந்தால் பெரும்பான்மையே உங்களுடையது.

நின்றீர்களா? 2016இல் விளைபொருள் மொத்தச் சந்தையான பொருளாதார மத்திய நிலையம் வவுனியாவில் ஓமந்தைக்கா தாண்டிக்குளத்துக்கா என்று இழுபறிப்பட்டீர்கள். கடைசியில் அது வேறிடத்தில் கட்டப்பட்டு ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. 2017 ஜூனில் மாகாண அமைச்சர்கள் மீதான விசாரணை, முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று சபை இரண்டுபட்டது. அதே நாட்களில் முல்லைத்தீவின் கேப்பாப்புலவுச் சனம் தங்கள் காணிக்காகப் படைமுகாமுக்கு முன்னால் கொட்டில் போட்டுக் குந்தியிருந்தது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பெப்ரவரியிலிருந்து வெயிலில் இருந்தார்கள். அந்த ஜூன் மாதம் எனக்கு இப்போதும் வலிக்கிறது.

உங்கள் கைகள் கட்டப்பட்டிருந்ததும் எங்களுக்குத் தெரியும். முதலமைச்சர் நிதியத்துக்காகச் சபை இயற்றிய நியதிச் சட்டத்துக்கு ஆளுநரின் ஒப்புதலே கிடைக்கவில்லை. அதைப் போல உங்கள் ஒவ்வொருவருக்கும் எத்தனை கதவு அடைபட்டது? அதைத்தான் எழுதச் சொல்கிறேன். அடுத்து அந்தக் கதிரையில் இருக்கப்போகிற பிள்ளை முதல் நாளே எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அந்த ஆகஸ்டில்தான் மாகாண சபைத் தொகுதிகளுக்கான எல்லை நிர்ணய அறிக்கையை நாடாளுமன்றத்தில் ஒருவர்கூட ஆதரிக்காமல் தோற்கடித்தார்கள். அதோடு தேர்தலும் நின்றது. அப்புறம் ஆளுநர்களின் ஆட்சிதான். துருசு உடைந்தால் சேற்றுக்குள் இறங்க ஆள் இல்லை.

உங்களில் சிலருக்குப் பாதை தொடர்ந்தது. முல்லைத்தீவின் து. ரவிகரன் 2024இல் வன்னித் தேர்தல் மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் போனார். மாகாண சுகாதார அமைச்சராக இருந்த ப. சத்தியலிங்கம் அதே ஆண்டு தேசியப் பட்டியலில் போனார். பலர் வீட்டோடு இருக்கிறீர்கள். பிரதி அவைத்தலைவராக இருந்த முல்லைத்தீவின் அன்ரனி ஜெகநாதன் 2016இலேயே காலமாகிவிட்டார். அவருக்குத் தெரிந்ததை இனி யாரிடம் கேட்பது?

பெரிய புத்தகம் வேண்டாம். பத்துத் தாள் போதும். உங்களுக்கு ஒதுக்கிய நிதி எந்த ஊருக்கு எதற்குப் போனது, எந்தத் தீர்மானத்தை நீங்கள் கொண்டுவந்தீர்கள், அது பிறகு எந்த மேசையில் நின்றது என்று எழுதுங்கள். பிழை விட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். எங்கள் சனம் கோபப்படும், ஆனால் வாசிக்கும். ஒரு பிரதியைப் பிரதேச சபை நூலகத்தில் வையுங்கள். இன்னொன்றை எங்கள் ஊருக்குக் கொண்டுவாருங்கள். பொதுநோக்கு மண்டபத்தில் கதிரை போட்டு வைக்கிறோம். பள்ளிக்கூட வீதிக் கடிதத்தின் பிரதியோடு நானும் வருவேன்.

அன்புடன்,
கமக்காரர் அமைப்பொன்றின் முன்னாள் செயலாளர்,
துணுக்காய்