தீபாவளிக்கு முன்னால் கோழிக்கூட்டைக் கழுவாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன்னால் உங்கள் கடிதப் பக்கத்தில் ஒரு வாசகர், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் கோழி வளர்க்கவே விடக்கூடாது, பக்கத்து வீட்டுக் கூட்டு நாற்றத்தில் சன்னலைத் திறக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். அவர் படும் பாடு உண்மைதான். அந்த வீட்டுக்காரர் கூட்டைக் கழுவுவதே இல்லை என்றுதான் படித்தவர்கள் நினைத்திருப்பார்கள், எனக்கென்னவோ அவர் அடிக்கடி கழுவுகிறவராக இருப்பார் என்றே தோன்றுகிறது. காய்ந்த கோழி எச்சத்துக்கு வாடை கம்மி. தண்ணீர் பட்டு ஊறிக் கிடந்தால்தான் அமோனியா கிளம்பிக் கண்ணையும் மூக்கையும் எரிக்கும். நமக்கே அப்படி என்றால், ராத்திரி முழுக்க அதற்குள்ளேயே அடைந்து கிடக்கிற கோழியின் நெஞ்சு என்ன ஆகும்?

நான் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறேன், என் வயதுக்காரர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 1917-இல் மலேசியாவில் முதன்முதலாகச் செம்பனையை வியாபாரப் பயிராக நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது இதே வட்டாரத்தில் வேறொரு தோட்டத்து லயத்தில். அம்மா விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் முன் கோழிகளைத் திறந்து விட்டுத்தான் போவார். லயத்துக்குப் பின்னால் நாலு கால் ஊன்றி, இடுப்பு உயரத்தில், அடியில் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்த மரக்கூடு அது. எச்சம் கீழே விழுந்துவிடும், காற்று போய்வரும். விறகடுப்புச் சாம்பலை ஒரு மூலையில் கொட்டி வைப்பார், கோழிகள் அதில் புரண்டு புரண்டு குளிக்கும். அந்தக் கூட்டில் அம்மா ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததே இல்லை. தாமானுக்கு வந்த பிறகு நாம்தான் சிமெண்டுத் தரை போட்டு, மூன்று பக்கமும் தகரம் அடித்து, ரப்பர் குழாய் பிடித்துக் கழுவ ஆரம்பித்தோம்.

நானும் கழுவினேன். மூன்று வருடத்துக்கு முன் தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீட்டுக்குச் சாயம் அடித்த கையோடு கூட்டையும் சுத்தம் செய்துவிடலாம் என்று குழாயைப் போட்டுப் பீய்ச்சி, பிளீச்சையும் ஊற்றிவிட்டேன். அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது, நாலு நாள் விடவில்லை. தரை காயவே இல்லை, ஆனாலும் பண்டிகை வேலை இருக்கிறதே என்று ஈரத்தின் மேலேயே உமியைக் கொட்டிக் கோழிகளை அடைத்தேன். பத்து நாளுக்குள் ஐந்து வாரக் குஞ்சுகள் சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் ஒடுங்கின, எச்சத்தில் ரத்தம். பதினொரு குஞ்சில் எட்டு போய்விட்டது. அது ரத்தக் கழிச்சல். அந்தக் கிருமி குடலுக்குள் பெருகி, கெட்டியான ஓட்டோடு எச்சத்தில் வெளியே வருகிறது, அந்த ஓட்டை பிளீச் ஒன்றுமே செய்வதில்லை. வெளியே வந்த உடனே அது நோய் தராது, சூடும் ஈரமும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முற்றி, அப்புறம்தான் குஞ்சைப் பிடிக்கும். சூடு நம் ஊரில் எப்போதும் உண்டு, ஈரத்தை ஊற்றியது நான்.

ஆகவே தயவு செய்து தீபாவளிக்கு முன்னால் வேண்டாம். சிலாங்கூரில் அக்டோபர், நவம்பரில்தான் மழை அதிகம், அதற்கடுத்தது ஏப்ரல், மே. ஜூன், ஜூலையும் பிப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள். வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் சாயம் அடித்துக்கொள்ளுங்கள், கூட்டை முழுசாகப் பிரித்துச் சுத்தம் செய்வதைத் தைப்பூசம் முடிந்த பிறகு ஒரு தடவை, ஆனி மாதத்தில் ஒரு தடவை வைத்துக்கொள்ளுங்கள். மழை மாதங்களில் நனைந்த உமியை அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போட்டு, கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சுத்தம் செய்கிற அன்று கோழிகளை வெளியே வலைக்குள் விட்டுவிட்டுக் காலையிலேயே தொடங்க வேண்டும். முதல் வேலை சுரண்டுவது, கழுவுவது இல்லை. தூசி பறக்காத அளவுக்கு லேசாகத் தண்ணீர் தெளித்து, மண்வெட்டியாலும் கொத்தனார் கரண்டியாலும் ஒட்டியிருப்பதையெல்லாம் பெயர்த்து எடுங்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகக்கூடாது, முகக்கவசம் கட்டாயம், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். பூட்ஸும் கையுறையும் போடுங்கள், எலி மூத்திரம் பட்ட இடத்தில் எலிக் காய்ச்சல் வரும். முட்டையிடும் பெட்டியை வெறுங்கையால் தூக்காமல் முதலில் கோலால் தட்டிப் பாருங்கள். செம்பனை சூழ்ந்த ஊர் இது, எலியும் முட்டையும் இருக்கிற இடத்துக்கு நாகம் வரும், என் வீட்டுக்கே ஒரு தடவை வந்தது.

செள்ளைப் பற்றி, அதாவது கோழியின் ரத்தம் குடிக்கிற சின்னப் பூச்சியைப் பற்றி, கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூடு பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும்போதே இது உள்ளே இருக்கும். கோழி ராத்திரியில் கூட்டுக்குள் போக அடம் பிடிக்கிறது, கொண்டை வெளுக்கிறது, முட்டை குறைகிறது, அடைக்கோழி பாதியிலேயே எழுந்து ஓடுகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பகலில் கோழியைத் தூக்கிச் சிறகைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கோழி ஏறி அடையும் கட்டையின் பிளவிலும் ஆணி ஓட்டையிலும் பலகை மூட்டிலும் ஒளிந்திருந்துவிட்டு, இருட்டிய பிறகுதான் ஏறி ரத்தம் குடிக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டார்ச் லைட்டோடு போய்க் கட்டையின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் செள் இருக்கிறது. கட்டைகளைக் கழற்றி வெளியே கொண்டு போய் எல்லாப் பிளவிலும் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, வெயிலில் போட்டு, காய்ந்த பிறகு பிளவுகளில் சமையல் எண்ணெய் தடவுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் இதையே செய்ய வேண்டும், தப்பித்த முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். நிறையப் பேர் இரண்டாவது தடவை செய்வதில்லை, அப்புறம் மருந்து வேலை செய்யவில்லை என்கிறார்கள். கூட்டைக் காலியாகப் போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்றும் நினைக்காதீர்கள், ரத்தம் கிடைக்காமலே பல மாதம் உயிரோடு கிடக்கும்.

பிளீச் வேண்டும் என்றால் எல்லாவற்றையும் சுரண்டி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து அலசிய பிறகுதான். எச்சத்தின் மேல் ஊற்றினால் பிளீச்சின் சக்தி அந்த எச்சத்திலேயே போய்விடும், அதோடு அதிலிருக்கிற அமோனியாவோடு சேர்ந்து விஷக் காற்று கிளம்பும். என் அண்ணி அப்படி ஊற்றிவிட்டு, இருமல் நிற்காமல் அரை மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தார். வினிகரோடும் கலக்கவே கூடாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊறவிட்டு அலசி, எல்லாவற்றையும் திறந்து போட்டு இரண்டு நாளாவது வெயிலும் காற்றும் படவிட வேண்டும். இந்த இரண்டு நாள்தான் மருந்து. சுவருக்கு நீர்த்த சுண்ணாம்பு அடிக்கலாம், நன்றாகக் காய்ந்த பிறகே கோழியை உள்ளே விட வேண்டும். தரைக்கு நான் தஞ்சோங் காராங் பக்கத்து அரிசி ஆலை உமியைத்தான் வாங்கிப் போடுகிறேன், நாலு விரல் உயரத்துக்கு.

அள்ளிய எச்சத்தைப் பின்னால் இருக்கும் லோங்காங்கில் (சாக்கடையில்) தள்ளாதீர்கள். அது போய்ச் சேருவது சிலாங்கூர் ஆற்றில், கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. எரிக்கவும் கூடாது, திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். காய்ந்த இலை, பழைய உமியோடு கலந்து குவித்து, வாரம் ஒரு தடவை புரட்டிவிட்டு நாலு மாதம் விட்டால் கத்தரிக்கும் வெண்டைக்கும் நல்ல உரம். பச்சையாகப் போட்டால் செடி கருகும்.

இதெல்லாம் செய்தாலும் வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும். திடீரென்று பல கோழிகள் ஒரே நேரத்தில் செத்தால் புதைத்துவிட்டுச் சும்மா இருக்காமல் மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். 2004 ஆகஸ்டில் கிளந்தான் தும்பாட்டில் வந்த பறவைக் காய்ச்சலும், 2007-இல் நம் சிலாங்கூரிலேயே பாயா ஜாராஸில் வந்ததும் கம்பத்து வீட்டுக் கோழிகளில்தான்.

அந்த வாசகர் எங்கள் பக்கத்தில் இருந்தால் நானே வந்து அந்தக் கூட்டைப் பார்க்கத் தயார், இரண்டு வீட்டாரும் சம்மதித்தால் பிப்ரவரியில் கூட இருந்து சுத்தம் செய்தும் தருகிறேன். ஆசிரியர் அவர்களே, தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. சாயக் கடைக்குக் கிளம்புகிறவர்கள் கண்ணில் படும்படி இதை அதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்